களிம்பு: பகையும் நட்பும்

செம்பிற் களிம்பேறுவதும், அதனைப் புளியிட்டு விளக்குவதும் தமிழர் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். உலோகத்தின் மேற்பரப்பில் உண்டாகும் இத்தகைய படலங்களுக்கு மின்னியல் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. வானொலி அலையால் இயங்கும் சிறு விமானங்களையும் படகுகளையும் பொழுதுபோக்காக இயக்குவோர், மின்கல இணைப்பு முனைகளில் படியும் படலத்தைப் பெரும் பகையாகக் கருதுவர். ஆயினும் இத்தகைய படகுகளுக்கெல்லாம் முன்னோடியான படகு இயங்கத் துணைநின்றதும் ஒரு படலமே ஆகும்.

1884ஆம் ஆண்டில் கல்சேக்கி ஓனெஸ்தி என்னும் இத்தாலியப் பள்ளியாசிரியர், உலோகத் தூளின் மின்தடை மாறும் இயல்பை ஆராயத் தொடங்கினார். 1890இல் பிரெஞ்சு அறிஞர் எடுவார் பிரான்லி, குழாயில் அடைத்த உலோகத் தூள், அருகே மின்பொறி எழுந்ததும் மின்னோட்டத்திற்கு வழிவிடுவதைக் கண்டார். துகள்களைப் போர்த்திய ஆக்சைடுப் படலம் மின்னோட்டத்தைத் தடுக்கின்றது. மின்னலை தாக்கியதும் அஃது உடைய, துகள்கள் ஒன்றையொன்று பற்றுகின்றன. குழாயைத் தட்டினால் பற்று விடும். மீண்டும் தடை தோன்றும். இக் கருவிக்கு 1894இல் ஆலிவர் லாட்ஜ் ‘கொஹீரர்’ எனப் பெயரிட்டார்.

நிக்கோலா டெஸ்லா 1898இல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் கம்பித் தொடர்பின்றிச் சிறு படகொன்றை இயக்கிக் காட்டினார். அதனுள் சேமக்கலங்களும், தூள் நிரப்பிய சிற்றுருளையும் இருந்தன. ஒவ்வோர் அலையையும் ஏற்றபின் உருளை தலைகீழாகப் புரண்டு, அடுத்த கட்டளைக்கு ஆயத்தமாகும். களிம்பு இங்கே நண்பனாயிற்று.

அதுவே இணைப்பு முனையில் பகையாவது எங்ஙனம்? இரு முனைகள் பொருந்தும்போது முழுப் பரப்பும் தொடுவதில்லை. சில நுண்புள்ளிகளே தொடுகின்றன. மின்தொடுகைகளை ஆராய்ந்த ராக்னர் ஹோல்ம் இதனை 20ஆம் நூற்றாண்டில் விளக்கினார். அப்புள்ளிகளைப் படலம் மூடினால் தடை பெருகும். 50 ஆம்பியர் ஓடும் இணைப்பில் தடை 0.001 ஓம் எனின் வெப்பம் 2.5 வாட்; தடை 0.01 ஓம் ஆயின் அது 25 வாட்டாக உயரும். ஈயப்பற்று வைக்கும் சிறு சூட்டுக்கோலின் ஆற்றல் அவ்வளவே! முனை சுட்டு, பற்று இளகி, இணைப்பு அறுமாயின் பறக்கும் விமானம் கட்டுப்பாடிழந்து வீழும்.

இதனைத் தடுக்கவே முனைகளுக்குப் பொன்முலாம் பூசுகின்றனர், பொன் களிம்பேறுவதில்லை. ஆனால் பன்முறை செருகிப் பிடுங்குதலாலும், இணைக்கும்போது எழும் தீப்பொறியாலும், ஓயாத அதிர்வாலும் முலாம் தேயும். பின்னர் அடியிலுள்ள உலோகம் வெளிப்பட்டுக் கறுக்கும். பற்றும் வில்லும் தளரும். அதனை உப்புத்தாளால் தேய்ப்போர் எஞ்சிய பொன்னையும் இழப்பர். தேய்ந்த முனையை மாற்றுதலே முறை.

கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லிய படலமே ஓரிடத்தில் கட்டளையை ஏற்கும் செவியாயிற்று. மற்றோரிடத்தில் வழியை அடைக்கும் சுவராயிற்று. பொருள் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. அது நிற்கும் இடமே அதன் பயனை வகுக்கின்றது.