மெரினாவுக்குப் போனால் கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்: மெட்ராஸை வரைந்த சிஷோம் யார்? நடந்தே பார்ப்பது எப்படி?

மெரினாவுக்குப் போகிறவர்கள் கண் கடல் மேலேயே இருக்கும். அப்படியே திரும்பி, காமராஜர் சாலையின் மறுபக்கம் பார்த்தால் சிவப்புச் சுவர்களும், குவிமாடங்களும், குட்டிக் குட்டிக் கோபுரங்களுமாக வரிசையாகக் கட்டடங்கள் நிற்கும். பஸ்ஸில் போகும்போது பத்து நொடியில் கடந்துவிடுகிற கட்டடங்கள்தான். "வெள்ளைக்காரன் கட்டினது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். அது பாதி உண்மை.

வரைந்தவர் லண்டனில் 1840-ல் பிறந்த ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம். ஆனால் அந்தக் குவிமாடத்தை எப்படிப் போடுவது என்று அவர் பார்த்துத் தெரிந்துகொண்டது சேப்பாக்கத்தில், மதுரையில், திருவிதாங்கூரில். ஒவ்வொரு ஆகஸ்டிலும் சென்னை தினக் கொண்டாட்டத்தையொட்டி நடக்கிற ஹெரிடேஜ் வாக்குகளில் அதிகம் அடிபடுகிற பெயர்களில் இவருடையதும் ஒன்று. குழுவோடு போனாலும் சரி, தனியாகப் போனாலும் சரி, எங்கே தொடங்குவது, எதைப் பார்ப்பது?

யார் இந்த சிஷோம்?

1864-ல் மெட்ராஸ் அரசு இரண்டு கட்டடங்களுக்கு வடிவமைப்புப் போட்டி அறிவித்தது. ஒன்று மாநிலக் கல்லூரி, இன்னொன்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபம். கல்கத்தா பக்கம் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சிஷோம் போட்டியில் ஜெயித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தி நான்கு சொச்சம். அதற்குப் பிறகு மெட்ராஸுக்கு வந்து, அரசின் ஆலோசனைக் கட்டடக் கலைஞராக ஏறத்தாழ இருபது வருடம் இருந்தார்.

அவர் வந்த கொஞ்ச நாளில், 1866-ல் நேப்பியர் பிரபு கவர்னரானார். கூவத்தின் முகத்துவாரத்தில், 2022 செஸ் ஒலிம்பியாட் சமயம் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டு வைரலானதே நேப்பியர் பாலம், அந்த நேப்பியர்தான். இந்தியாவில் அரசுக் கட்டடம் எந்தப் பாணியில் இருக்க வேண்டும் என்பதில் அவருக்குத் தனி அபிப்பிராயம் இருந்தது. வெயிலும் வெளிச்சமும் அதிகமுள்ள ஊருக்கு, பெரிய கூடங்களுக்கு, வளைவும் குவிமாடமும் கொண்ட இஸ்லாமியக் கட்டடக்கலையே சரி என்று 1870-ல் ஓர் உரையில் வெளிப்படையாகவே சொன்னார். சிஷோமின் கைக்கு வேலை கொடுத்தவர் இவர் என்று சொல்லலாம்.

முதல் நடை: இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் என்ன நடந்தது?

தொடங்க வேண்டிய இடம் மாநிலக் கல்லூரி வாசல். அங்கிருந்து வடக்கே, நேப்பியர் பாலத்தைப் பார்த்து நடக்க வேண்டும். தூரம் அதிகமில்லை. நின்று நின்று பார்த்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

மாநிலக் கல்லூரியின் கட்டடம் 1870-ல் திறக்கப்பட்டது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இதில் இந்தியச் சாயல் பெரிதாக இல்லை என்பது தெரியும். இத்தாலியப் பாணி. லண்டனிலிருந்து வந்த இளைஞர் தனக்குத் தெரிந்ததை வரைந்திருக்கிறார். நான்கு முகக் கடிகாரம் பின்னால் சேர்ந்தது, அதற்குக் கல்லூரி முதல்வராக இருந்த ஃபைசனின் பெயர்.

இப்போது கல்லூரியை விட்டு வடக்கே நடந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்துக்கு எதிரில் நில்லுங்கள். 1870-களில் எழுந்த கட்டடம், 1879-ல் முடிந்தது. நான்கு மூலையிலும் கோபுரம், மேலே வெங்காயம் மாதிரிக் குவிமாடம், செதுக்கிய கல் தூண்கள், உள்ளே வண்ணக் கண்ணாடிகள். பைசாண்டியத் தேவாலயமும் சுல்தான் காலத்து மாளிகையும் கலந்த மாதிரி ஒரு கட்டடம். இரண்டையும் வரைந்தது ஒரே கைதானா என்று சந்தேகமே வரும். பத்தே வருடத்துக்குள் இவ்வளவு மாற்றமா?

விடை, இரண்டுக்கும் நடுவிலேயே நிற்கிறது. அதுதான் சேப்பாக்கம் மாளிகை.

அரண்மனை ஆபீஸான கதை

எழிலகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பதால், சேப்பாக்கம் மாளிகையைச் சாலையிலிருந்து முழுசாகப் பார்க்க முடியாது. அதனால்தான் வழிகாட்டியோடு போவது நல்லது. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-ல் கட்டப்பட்டது. இரண்டு பகுதி: ஹுமாயூன் மஹால், கலச மஹால். கடைசி நவாப் 1855-ல் வாரிசில்லாமல் இறந்ததும், நவாப் பட்டத்தையே பிரிட்டிஷார் ரத்து செய்தார்கள். அரண்மனை அரசின் கைக்குப் போனது. உள்ளே வருவாய்த் துறையும் பொதுப்பணித் துறையும் குடியேறின.

அந்த இரண்டு மஹாலுக்கும் நடுவில் ஒரு கோபுரத்தை எழுப்பி ஒன்றாக்கும் வேலை சிஷோமிடம் வந்தது. கூடவே வருவாய் வாரியத்துக்குப் புதுக் கட்டடமும். பழைய அரண்மனையின் வளைவுகளும் மினார்களும் எந்த ஜாடையில் இருந்தனவோ, அதே ஜாடையில் புதுசையும் கட்டினார். எது நவாப் காலத்தது, எது சிஷோம் சேர்த்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அவ்வளவு ஒட்டிப்போயிருக்கிறது.

பார்க்க அழகு. ஆனால் விஷயம் அழகோடு முடியவில்லை. 1857 எழுச்சிக்குப் பிறகு, கம்பெனியிடமிருந்து ஆட்சி நேரடியாக பிரிட்டிஷ் ராணியிடம் போன காலம் அது. நாங்கள் வியாபாரிகள் இல்லை, முகலாயருக்கும் நவாபுக்கும் அடுத்த வரிசையில் வரும் அரசர்கள் என்று காட்டிக்கொள்ளவே இந்தப் பாணி கையில் எடுக்கப்பட்டது என்று வரலாற்று ஆய்வாளர்கள் பலர் எழுதுகிறார்கள். சேப்பாக்கத்தில் நின்று பார்த்தால் அதை மறுப்பது கடினம். நவாபின் வீட்டை எடுத்துக்கொண்டு, நவாபின் பாணியிலேயே கோபுரமும் கட்டினார்கள்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. நவாப் குடும்பத்தாருக்குப் பின்னால் 'ஆற்காடு இளவரசர்' பட்டம் தரப்பட்டது. அவர்கள் தங்க ராயப்பேட்டையில் அலுவலகமாக இருந்த ஒரு பழைய கட்டடத்தை ஒதுக்கினார்கள். அதுதான் அமீர் மஹால். அதை மாளிகையாக மாற்றும் பொறுப்பும் சிஷோமுக்கே வந்தது. அரண்மனையை ஆபீஸாக்கிய அதே மனிதர், ஆபீஸை அரண்மனையாக்கினார்!

மதுரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சேப்பாக்கம் ஒரு பாடம் என்றால், திருமலை நாயக்கர் மஹால் இன்னொரு பாடம். மதுரையில் 17-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்த அரண்மனையின் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டுக்குள் போய்விட்டது. மிச்சமும் விழுகிற நிலை. நேப்பியர் அதைப் பழுதுபார்க்க உத்தரவிட்டு, சிஷோமை அனுப்பினார். செங்கல்லையும் சுண்ணாம்பையும் மட்டும் வைத்து அவ்வளவு பெரிய வளைவுகளும் குவிமாடமும் எப்படி நிற்கின்றன என்று பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது இப்படித்தான். நாயக்கர் மஹாலுக்குப் போய் வந்தவர்கள் செனட் மண்டபத்தைப் பார்த்தால், எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும்.

மூன்றாவது பாடம் திருவிதாங்கூர். அங்கே நேப்பியர் பெயரில் அருங்காட்சியகம் கட்டினார் சிஷோம், 1880-ல் முடிந்தது. சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரை, மர வேலைப்பாடு எல்லாம் கேரளத்து வீடுகளிலிருந்தும் கோயில்களிலிருந்தும் எடுத்தவை. திருவனந்தபுரம் போகிறவர்கள் பத்மநாபசுவாமி கோயிலோடு திரும்பிவிடாமல் அதையும் எட்டிப் பார்க்கலாம்.

இந்தப் பாணிக்கு 'இந்தோ-சாராசெனிக்' என்று பெயர் வைத்தார்கள். சாராசென் என்பது ஐரோப்பியர்கள் முஸ்லிம்களைக் குறிக்கப் பயன்படுத்திய பழைய சொல். பெயர் ஒன்று, ஆனால் சிஷோமின் ஒவ்வொரு கட்டடத்திலும் கலவை வேறு.

இரண்டாவது நடை: சென்ட்ரலிலிருந்து

கேரளக் கூரையைப் பார்க்க திருவனந்தபுரம் வரை போக வேண்டாம். சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி, ரிப்பன் மாளிகைக்கும் மூர் மார்க்கெட் வளாகத்துக்கும் நடுவில் இருக்கும் விக்டோரியா பப்ளிக் ஹாலை நிமிர்ந்து பாருங்கள். கோபுரத்தின் தொப்பி அப்படியே திருவிதாங்கூர். விக்டோரியா ராணியின் பொன்விழாவையொட்டிப் பெயர் பெற்ற இந்த மண்டபத்தை சிஷோம் வரைய, கட்டி எழுப்பியவர் நம்பெருமாள் செட்டி. மெட்ராஸின் செங்கல் கட்டடங்கள் பலவற்றுக்கு இவர்தான் ஒப்பந்ததாரர். உயர் நீதிமன்றம் உட்பட. வாக் போகும்போது வழிகாட்டி இவர் பெயரைச் சொல்லாவிட்டால், நீங்களே கேட்டுவிடுங்கள்.

இந்த மண்டபத்தில்தான் பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது. விவேகானந்தர் 1897-ல் பேசினார். மெட்ராஸ்காரர்கள் முதல்முதலாகச் சலனப்படம் பார்த்த இடங்களில் இதற்கு முக்கிய இடம் உண்டு.

பக்கத்தில் சென்ட்ரல் ஸ்டேஷன். அதை முதலில் திட்டமிட்டவர் ஜார்ஜ் ஹார்டிங், சிஷோம் பிறகு மாற்றங்கள் செய்தார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் எழும்பூர் பக்கம் போனால் அரசு கவின் கலைக் கல்லூரி வரும். அப்போது அது தொழிற்கலைப் பள்ளி. 1877 முதல் சிஷோம் அதன் கண்காணிப்பாளர். கட்டடம் வரைகிறவரே கைவினைஞர்களைத் தயார் செய்யும் பள்ளிக்கும் தலைவர்.

நேரமிருந்தால் ராஜாஜி சாலையில் ஜி.பி.ஓ. வரை போகலாம். 1884-ல் திறந்தது. இதன் கோபுரங்களிலும் கேரளத் தொப்பிகள் இருந்தன, பிற்காலத்தில் எடுத்துவிட்டார்கள். அண்ணா சாலையில் பி.ஆர். அண்ட் சன்ஸ் கடிகாரக் கடையும் சிஷோம் வரைந்ததுதான். மெட்ரோ ரயில் பணியின்போது அந்த வளாகத்தின் ஒரு பகுதி இடிக்கப்பட்டு, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது.

எது இவருடையது இல்லை?

சிவப்பாக இருந்தாலே சிஷோம் என்று சமூக வலைதளங்களில் போட்டுவிடுகிறார்கள். உயர் நீதிமன்றம் இவர் வரைந்ததல்ல. பிராசிங்டன் தொடங்கி, ஹென்றி இர்வினும் ஸ்டீபன்ஸும் முடித்தது. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் கண்ணைப் பறிக்கும் தேசிய ஓவியக் கூடம் இர்வினுடையது. சிஷோமுக்குப் பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் இர்வின். ரிப்பன் மாளிகை 1913-ல்தான் வந்தது, அதுவும் வெள்ளை.

தீயில் போனதும், மீண்டதும்

2000-ல் ஜி.பி.ஓ.வில் பெரும் தீ விபத்து. 2012 ஜனவரியில் கலச மஹாலில் தீ. அதை அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். கூரை விழுந்து வெறும் சுவராக நின்றபோது, இடித்துவிடலாம் என்றும் காப்பாற்ற வேண்டும் என்றும் இரண்டு பக்கமும் வாதம் நடந்தது. கடைசியில் பொதுப்பணித் துறையே சுண்ணாம்புச் சாந்து, கடுக்காய், வெல்லம் என்று பழைய முறைக்குத் திரும்பி அதைச் சீரமைத்தது. இப்போது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு அங்கே இயங்குகிறது. சிமென்ட் பூசினால் பழைய செங்கல் சுவரில் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சுவர் உதிரும். சுண்ணாம்பு மூச்சு விடும். இந்த வித்தை தெரிந்த கொத்தனார்கள் இன்றைக்குக் குறைவு என்பதுதான் சிக்கல்.

உள்ளே போக முடியுமா?

பெரும்பாலானவை அரசு அலுவலகங்கள். வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். வளாகத்துக்குள் படம் எடுக்கும் முன் அனுமதி கேட்டுவிடுங்கள். செனட் மண்டபம் நிகழ்ச்சிகள் நடக்கும்போது மட்டுமே திறந்திருக்கும். பல்கலைக்கழக நிகழ்வு ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்துப் போவது புத்திசாலித்தனம். ஜி.பி.ஓ.வுக்கு அந்தத் தடை இல்லை. ஒரு ஸ்டாம்ப் வாங்கப் போனால்கூட அந்தக் கூடத்தைப் பார்த்துவிடலாம்.

ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்புவது நல்லது. கடற்கரைக் கட்டடங்கள் கிழக்கு பார்த்தவை, காலை வெயில் நேராக அவற்றின் முகத்தில் விழும். செங்கல் அப்போதுதான் நிஜமாகச் சிவக்கும். ஒன்பது மணிக்கு மேல் டிராஃபிக்கில் எதிர்ப்பக்கம் நின்று நிமிர்ந்து பார்ப்பதே பெரும்பாடு.

லண்டன் போகிற வாய்ப்பு இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல்: இங்கிலாந்து திரும்பிய சிஷோம், செல்சியில் ஒரு தேவாலயம் கட்டினார். 1907-ல் முடிந்தது. பைசாண்டியப் பாணி, வெள்ளைக் கல். இப்போது அது கடோகன் ஹால் என்ற இசை அரங்கம். சேப்பாக்கத்தைப் பார்த்த கண்ணோடு அதன் கோபுரத்தைப் பார்த்தால், மெட்ராஸ் ஞாபகம் வரலாம்.