காதலுக்கு ஒரு ராஜ்யம்

காரைக்காலின் தென்பகுதியில் நிரவிக் கொம்யூனைச் சேர்ந்த எங்கள் விழிதியூரிலிருந்து புறப்பட்டு, திருமலைராயன்பட்டினத்தைக் கடந்து, வாஞ்சூர் எல்லையைத் தாண்டுகிறவர்களுக்கு நாகூர்த் தர்காவின் மினாராக்கள் தூரத்திலேயே தென்பட்டுவிடும். சிறிது நேரப் பேருந்துப் பயணத்தில் தீர்ந்துவிடுகிற இந்தப் பாதையின் குறுக்கே, 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரையில், ஒரு தேசத்தின் எல்லையே கிடந்தது. வடக்கே பிரெஞ்சுக்காரரின் கொடி பறந்தது. தெற்கே முதலில் ஆங்கிலேயரின் கொடியும் பிறகு நம்முடைய கொடியும் பறந்தன. ஆனால் நாகூர்க் கந்தூரி விழாவுக்குப் போகிற ஜனங்களோ, வாய்வழியாக ஊர் விட்டு ஊர் போகிற கதைகளோ அந்த எல்லையைப் பொருட்படுத்தியதில்லை. காதல் நாவல் என்று இன்று நாம் சற்று அலட்சியமாகவே குறிப்பிடுகிற இலக்கிய வகை, இந்தக் கடற்கரையில், அடுக்களைக்கும் தொழுகைப் பாய்க்கும் இடையே வாழ்ந்த ஒரு பெண்ணின் கையில் எவ்வாறு உருக்கொண்டது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்பெண்மணி நாகூர் சித்தி ஜுனைதா பேகம். 1917-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோயிற்று, பால்யத்திலேயே விவாகம், இளம் பருவத்திலேயே கைம்மை. இப்படிப்பட்ட ஒரு வாழ்க்கையின் மீதிக் காலம் எவ்வாறு கழியும் என்பதை அக்காலத்து உறவினர் எவரும் முன்கூட்டியே சொல்லியிருப்பர். அவர்கள் சொல்லாதது ஒன்றுதான் நடந்தது. பா. தாவூத் ஷா நடத்திவந்த 'தாருல் இஸ்லாம்' பத்திரிகையில் அவருடைய எழுத்துகள் வெளிவரத் தொடங்கின, 1938-இல் 'காதலா? கடமையா?' என்ற நாவல் புத்தகமாயிற்று. தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண்மணி என்று அவரை இலக்கிய சரித்திரக்காரர் கூறுவது இந்நூலைக் கொண்டே. அதற்கு முன்னுரை வழங்கியவர், அப்பொழுது எண்பது வயதைக் கடந்திருந்த மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். ஏட்டுச் சுவடிகளோடு ஆயுளைக் கழித்த அந்த முதியவர், கோஷாவுக்குள் இருந்து வந்த ஒரு காதல் கதைக்குக் கையெழுத்திட்டுக் கொடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், அக்காலத்துப் பண்டிதர்களைப் பற்றி நாம் கொண்டிருக்கும் அபிப்பிராயங்கள் சிலவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இது திடீரென்று வானத்திலிருந்து விழுந்த சம்பவமன்று. தமிழ் நாவலின் பிறப்பே இந்தக் காவிரிக் கழிமுகத்துக்கு அதிக தூரமில்லாத மாயூரத்தோடு சம்பந்தப்பட்டது. அங்கே முனிசீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தபோது, அதன் கதாநாயகி ஞானாம்பாள் ஆண்வேடம் பூண்டு ஒரு ராஜ்யத்தையே ஆண்டுவிடுகிறாள் என்பதை வாசகர்கள் நினைவுகூர வேண்டும். அதற்கு நாம் பிறகு திரும்பி வருவோம். நாகூரிலேயே வா. குலாம் காதிறு நாவலர் இருந்தார். திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்று சொல்லப்படும் இந்தப் புலவர், பிரபந்தங்களைப் பாடிய அதே கையால் ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸின் 'ஒமர்' என்னும் கதையை 'உமறு பாஷாவின் யுத்த சரித்திரம்' என்று தமிழாக்கினார். கடலுக்கு அப்பால் இலங்கையில் சித்தி லெவ்வை 1885-இலேயே 'அசன்பேயுடைய கதை'யை எழுதியிருந்தார். ஆகவே ஜுனைதா பேகம் பேனாவை எடுத்தபோது, அவருடைய சொந்த ஊரிலேயே நாவல் என்பது ஒரு தலைமுறைப் பழக்கமாகிவிட்டிருந்தது. புதிதாக வந்தது எழுதுகிறவள் ஒரு பெண் என்ற விஷயம் மாத்திரமே.

ரெயினால்ட்ஸின் பெயரைச் சொன்னால் இன்றைய வாசகர்களுக்கு ஒன்றும் விளங்காது. இங்கிலாந்தில் கனவான்கள் முகம் சுளித்த அந்த ஆசிரியரின் மர்ம மாளிகைகளும், வேஷமாறாட்டங்களும், கடத்திச் செல்லப்பட்ட கன்னிகைகளும் இந்தியப் பாஷைகள் பலவற்றுக்குள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, மன்னார்குடிக்கு அருகிலுள்ள வடுவூரில் பிறந்த கே. துரைசாமி ஐயங்கார் ஆகிய மூவரும் அந்தச் சரக்கைத் தத்தம் முறையில் உள்ளூர் ஆக்கினார்கள். வடுவூராரின் 'மேனகா' 1935-இல் சினிமாவாகவும் வந்தது. இந்தப் புத்தகங்களைப் புருஷர்கள் வாங்கிவந்தார்கள். ஸ்திரீகள் வாசித்தார்கள், அல்லது வாசிக்கக் கேட்டார்கள். வீட்டுக்குள் எழுத்தறிந்த ஒருத்தி இருந்தால் போதும். மத்தியான வேலை ஓய்ந்தபின் அவளைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்து இந்து வீடுகளில் அல்லி அரசாணி மாலையும் நல்லதங்காளும் பெரிய எழுத்துப் புத்தகங்களாகப் புழங்கிய இடத்தில், முஸ்லிம் வீடுகளில் சீறாப்புராணமும் கிஸ்ஸாக்களும் அரபுத் தமிழில் அச்சான மாலைகளும் புழங்கின. செவிவழியாகக் கதை கேட்டு வளர்ந்த இந்தப் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு நின்றது என்பதைக் கொண்டு அவர்களுடைய இலக்கிய ஞானத்தை அளப்பது பெரிய பிழை.

இதற்குத் திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு சாட்சி உண்டு. வை. மு. கோதைநாயகி அம்மாள், 1901-இல் பிறந்து, ஆறு வயது நிரம்புவதற்குள் விவாகம் ஆனவர். பள்ளிக்கூடமே போகாதவர். கணவர் பார்த்தசாரதி அவரை நாடகங்களுக்கு அழைத்துச் செல்வார். பார்த்துவிட்டு வந்த அம்மாளுக்குத் தாமும் ஒன்று இயற்ற வேண்டுமென்ற ஆசை எழுந்தது. சரளமாக எழுதும் பழக்கம் கைக்கு வரவில்லை; ஆதலால் அவர் சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்ற தோழி எழுதினார். இவ்வாறு பிறந்ததே 1924-இல் வெளியான 'இந்திர மோகனா' என்ற நாடகம். வடுவூராரின் யோசனையின்பேரில் நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' பத்திரிகையை 1925-இல் வாங்கி, அதில் 'வைதேகி' என்ற நாவலைத் தொடர்ந்து வெளியிட்டபோது சந்தாதாரர்கள் பெருகினார்கள். அதன்பிறகு 1960-இல் காலமாகும் வரையில் அவர் எழுதியவை 115 நாவல்கள். அவற்றின் எல்லாப் பக்கங்களும் ரத்தினங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பல இடங்களில் கதை தள்ளாடுகிறது, பாத்திரங்கள் பிரசங்கம் செய்கின்றன. ஆனால் மாதா மாதம் பத்திரிகை வந்தாக வேண்டும், சந்தாப் பணம் கொடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள், அச்சுக்கோப்பவன் வாசலில் நிற்கிறான் என்ற நிலையில், அடுத்த அத்தியாயத்தைச் சரஸ்வதி வந்து நாவில் எழுதட்டும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. சுதந்திரப் போராட்ட மறியலில் கலந்துகொண்டு சிறைக்குப் போன காலத்திலும் அம்மாள் எழுதுவதை நிறுத்தவில்லை. எழுத்து அவருக்கு ஒரு தினசரிக் கடமையாக, அடுப்பு மூட்டுவதைப்போலவே நாள் தவறாமல் செய்ய வேண்டிய காரியமாக இருந்தது. அவருடைய நடையில் காணும் வேகத்துக்கும், அதே நடையில் காணும் அவசரத்துக்கும் மூலகாரணம் இதுதான்.

நாகூரின் நிலைமை வேறு. அங்கே ஜுனைதா பேகத்துக்குச் சொந்தப் பத்திரிகை இல்லை, அச்சகம் இல்லை, மேடையேறிப் பேசுகிற வழக்கத்துக்கு இடமே இல்லை. இவ்விரு ஸ்திரீகளுக்கும் பொதுவானது ஒன்று: காதலைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், அதை எழுதக்கூடிய ஓர் இடத்தைக் கற்பனையில் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கோதைநாயகி அம்மாளாவது கணவர் பக்கத்தில் நிற்க, பட்டணத்துக் கல்லூரி மாணவர்களையும் சீர்திருத்தக் கல்யாணங்களையும் கதைக்குள் கொண்டுவரலாம். கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் இளம் வயதில் கணவனை இழந்த பெண் காதலைப் பற்றி எழுதினால், வாசிக்கிறவன் முதலில் கேட்கும் கேள்வி கதையைப் பற்றியதாக இராது.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று நிறுத்திச் சொல்லவேண்டும். காதலின் முக்கால் பங்கு பிரிவு என்று அகப்பொருள் நூலார் அறிந்திருந்தனர். அந்தப் பிரிவுக்கு இந்தக் கரையில் பஞ்சமே இருந்ததில்லை. நாகூரின் ஆண்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பர்மாவுக்கும் வியாபாரத்துக்காகப் போனார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டகையின் பெயரால் தர்காக்கள் எழும்பும் அளவுக்குப் போனார்கள். எல்லைக்கு வடக்கே எங்கள் காரைக்கால் பக்கத்தவர் பிரெஞ்சு உத்தியோகத்தைத் தேடிச் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். கப்பல் வரும், தபால் வரும், பணம் வரும்; ஆள் வருவதற்கு வருஷங்கள் ஆகும். திண்ணைக்கு இந்தப் புறம் காத்திருந்த பெண்களின் கதையை எழுதினால் ஆயிரம் நாவல்களுக்கு விஷயம் கிடைத்திருக்கும். அது எழுதப்படவில்லை. 'காதலா? கடமையா?' நாவலில் எழுதப்பட்டது என்னவென்றால், ராஜாக்களும் ராஜகுமாரிகளும், மன்னனின் உருவ ஒற்றுமை கொண்ட அந்நியன் ஒருவன் சிம்மாசனத்தில் அமர்வதும், அங்கே காதலும் கடமையும் அவனை இரு பக்கமும் பிடித்து இழுப்பதும். ஆந்தனி ஹோப் 1894-இல் எழுதிய 'ஜெண்டாவின் கைதி'யின் சாயலை இதில் காணாதவர் இல்லை.

இதைக் கொண்டு, இவையெல்லாம் இரவல் சரக்கு, வாழ்க்கையோடு ஒட்டாதவை என்று தள்ளிவிடுகிற விமரிசகர்கள் உண்டு. அந்த விமரிசனம் பாதி வழி மாத்திரமே போகிறது என்பது என் எண்ணம். சொந்தத் தெருவில் நடப்பதாக ஒரு காதலை எழுதினால் அது யாருடைய வீட்டுக் கதை என்று தெரு முழுவதும் ஆராயும். எந்தத் தேசப் படத்திலும் இல்லாத ராஜ்யம் ஒன்றில் அதை நடத்திவிட்டால், ஆராய்வதற்கு வீடே இல்லை. அரண்மனை என்பது அந்த எழுத்தாளர்களுக்கு ஒரு திரை; அதன் பின்னாலிருந்து பேசும்போது குரல் நடுங்க வேண்டிய அவசியம் இல்லை. ஞானாம்பாள் ராஜ்யம் ஆள்வதற்கு ஆண்வேடம் தேவைப்பட்டது அல்லவா? நாகூர்ப் பெண்ணுக்குக் காதலைப் பேசுவதற்கு ஒரு ராஜ்யமே வேடமாகத் தேவைப்பட்டது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கதையில் வேறொருவனுடைய இடத்தில் அமர்ந்து, வேறொருவனுடைய பெயரால் வாழ்ந்து, தன் மனத்தை வெளியே காட்டாமல் கடமையைச் செய்கிற அந்தக் கதாநாயகனின் நிலை, சிறுவயதில் பிறர் நிச்சயித்த இடத்தில் போய் அமர்ந்த பெண்கள் பலருடைய நிலைதான். அதை அவர்கள் எவ்வித விளக்கமுமின்றிப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

ஜுனைதா பேகத்தின் மற்ற புத்தகங்களின் தலைப்புகள் இதே சாமர்த்தியத்துக்கு வேறொரு வகையில் சாட்சி கூறுகின்றன. 'ஹலிமா அல்லது கற்பின் மாண்பு', 'வனஜா அல்லது கணவனின் கொடுமை', 'பெண்ணுள்ளம் அல்லது சுதந்திர உதயம்' என்று ஒவ்வொன்றும் இரண்டு தலைப்புகளோடு வருகிறது. இது வடுவூரார் காலத்துப் பொதுச் சம்பிரதாயம்தான். ஆயினும் இவர் கையில் அது வேறொரு காரியத்தையும் செய்தது. முதல் பாதி வாசிக்கப் போகிறவளுக்கு. இரண்டாம் பாதி, வீட்டுக்குள் அந்தப் புத்தகம் நுழையலாமா என்று தீர்மானிக்கிற பெரியவருக்கு. கற்பின் மாண்பைச் சொல்லும் நூலை யார் தடுப்பார்கள்? அதே பெரியவர் 'கணவனின் கொடுமை' என்பதைப் பார்த்தபோது என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றுவதுண்டு. பின்னாளில் அவர் 'இஸ்லாமும் பெண்களும்', 'முஸ்லிம் பெருமக்கள் வரலாறு' முதலிய நூல்களின் பக்கமும் திரும்பினார். அவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு அவசியமாக இருக்கவில்லை.

இனி, 'காதலா? கடமையா?' புத்தகத்தின் பிற்காலத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். இரட்டை மன்னர் கதை தமிழ் மக்களிடையே பெரும் பிரசித்தி அடைந்தது 1958-இல், எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' வெளியானபோதுதான். அப்படத்துக்குக் கண்ணதாசனோடு வசனம் எழுதிய ரவீந்தர் நாகூர்க்காரர். இதைக்கொண்டு கதை இந்த நாவலிலிருந்தே போயிற்று என்று நாகூரில் வாதிடுகிறவர்கள் உண்டு. ஹாலிவுட்டும் ஜெண்டாவின் கைதியும் எல்லோருக்கும் பொதுச்சொத்தாகிவிட்ட காலத்தில் அந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. அதைவிடச் சுவையான ஒற்றுமை எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. 1909-இல், பதினெட்டு வயது இளைஞராக, நிரவிப் பள்ளிக்கூடத்துக்குத் தமிழாசிரியராக வந்து சேர்ந்தார் கனகசுப்புரத்தினம் என்பவர். பிற்காலத்தில் பாரதிதாசன் என்று அறியப்பட்ட அவர் 1948-இல் வெளியிட்ட காவியம் ஒன்றின் பெயரும் 'காதலா? கடமையா?' என்பதே. நாகூர் நாவல் வெளிவந்து அப்பொழுது பத்து வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே கேள்வியை எல்லைக்கு இரு பக்கமும் வாழ்ந்த இருவர் தலைப்பாக வைத்தார்கள்; கவிஞரின் நூல் அவருடைய தொகுப்புகளில் இன்றும் இடம்பெற்றிருக்க, 1998 வரையில் நாகூரிலேயே வாழ்ந்து மறைந்த நாவலாசிரியையின் புத்தகத்தை வாசிக்க விரும்புகிறவர் இன்றைக்கும் மிகுந்த பிரயாசைப்பட்டுத் தேட வேண்டியிருக்கிறது.