பட்டம் தாமதமானால் தொழில் அனுமதி என்னவாகும்?

ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பயிலும் வெளிநாட்டு மாணவர்களுள் எமது நாட்டின் தமிழ், முஸ்லிம் இளைஞர், யுவதிகளும் அடங்குவர். காணியை ஈடுவைத்தும் நகைகளை அடகுவைத்தும் அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோர், படிப்பின் பின்னர் கிடைக்கக்கூடிய தொழில் வாய்ப்பையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். ஆனால், ஒரேயொரு பாடத்தில் சித்தியெய்தத் தவறுவதாலோ, ஆய்வுக்கட்டுரை உரிய வேளையில் நிறைவுறாததாலோ பட்டம் தாமதமாகும்போது அவ்வாய்ப்பே கைநழுவிப் போகலாம். ஆதலால், இது தொடர்பான விதிகளை விளக்குவது பயனுடையதெனக் கருதுகின்றோம்.

எஃப்-1 விசாவில் கற்போர், கற்கைநெறி முடிவடைந்ததும் தமது துறையில் 12 மாதங்கள் தொழில்புரிய இடமளிக்கும் ஏற்பாடு ஓ.பி.ரி. எனப்படுகின்றது. விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் பட்டம் பெறுவோர் மேலும் 24 மாத நீடிப்பைக் கோர முடியும். பல்கலைக்கழகத்தின் பொறுப்பதிகாரி பரிந்துரைத்து 30 நாட்களுக்குள் ஐ-765 விண்ணப்பம் குடிவரவுச் சேவைத் திணைக்களத்தைச் சென்றடைதல் வேண்டும். கற்கைநெறி முடிவுத் திகதிக்கு 90 நாட்கள் முன்னர் தொடங்கி, அத்திகதிக்குப் பின்னர் 60 நாட்கள் வரையிலேயே விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைக்கும் முன்னர் தொழிலை ஆரம்பிப்பது விதிமீறலாகும்.

இங்கு அனைத்தும் ஐ-20 படிவத்திலுள்ள முடிவுத் திகதியிலேயே தங்கியுள்ளன. பட்டம் தாமதமாகுமெனத் தெரிந்தால், அத்திகதி கடப்பதற்கு முன்னரே நீடிப்பைப் பெற்றாக வேண்டும். ஆய்வுத் தலைப்பில் மாற்றம், ஆய்வில் எதிர்பாராத இடர்ப்பாடு, மருத்துவச் சான்றுடனான நோய் போன்ற தவிர்க்கவியலாக் காரணங்கள் ஏற்கப்படும். குறைந்த புள்ளிகளால் விதிக்கப்பட்ட கல்விசார் எச்சரிக்கையோ இடைநிறுத்தமோ தம்மளவில் காரணமாகா. திகதி கடந்த பின்னர் விழித்துக்கொள்பவர் மாணவர் அந்தஸ்தை இழந்து, அதனை மீளப்பெறுவதற்குத் தனியாக விண்ணப்பிக்க நேரிடும்.

ஏற்கெனவே ஓ.பி.ரி.க்கு விண்ணப்பித்தோரின் நிலை வேறு. பாடங்கள் அனைத்தையும் முடித்து ஆய்வுக்கட்டுரை மாத்திரம் எஞ்சியிருப்பின், விதிகள் தொழிலுக்கு இடமளிக்கின்றன. பாடமொன்றே எஞ்சியிருப்பின் அச்சலுகை இல்லை. விண்ணப்பம் பரிசீலனையிலிருக்கும்போதே அதனை மீளப்பெற்று, பின்னர் புதிதாக விண்ணப்பிப்பது பற்றிப் பொறுப்பதிகாரியுடன் உடன் கலந்தாலோசித்தல் அவசியம். செலுத்திய கட்டணம் பொதுவாகத் திரும்பக் கிடைப்பதில்லை. அனுமதி அட்டை கிடைத்த பின்னரோ சிக்கல் அதிகமாகும். அதிலுள்ள ஆரம்பத் திகதியிலிருந்து தொழிலின்றி இருக்கக்கூடிய 90 நாட்கள் கணக்கிடப்படுகின்றன என்பதையும் மறக்கலாகாது.

ஐ-20 நீடிக்கப்பட்ட காலத்தில், கற்கை நடைபெறும் வாரங்களில் 20 மணித்தியாலங்கள் வரை வளாகத்தினுள் தொழில்புரியலாம். இறுதித் தவணையில் எஞ்சிய பாடங்களை மாத்திரம் கற்கவும் வழியுண்டு. எனவே, தாமதம் மாத்திரம் எவரது எதிர்காலத்தையும் அழித்துவிடுவதில்லை, அழிப்பது மௌனமே. ஒரு பாடத்தில் தவறியதை வீட்டாருக்குச் சொல்ல வெட்கப்பட்டு, அதிகாரியிடமும் மறைத்து, நாட்களைக் கடத்தும் மாணவரே இறுதியில் அனைத்தையும் இழக்கின்றார்.

மாணவர் கற்கும் காலம் முழுவதும் தங்கியிருக்க அனுமதிக்கும் முறைமைக்குப் பதிலாக, பொதுவாக 4 வருடங்களுக்கு மேற்படாத வரையறுத்த காலத்தை விதிக்கும் யோசனையை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் 2025 ஓகஸ்டில் முன்வைத்தது. திகதிகள் மேலும் இறுகக்கூடும் என்பதற்கு இது முன்னறிவிப்பாகும்.

பிள்ளைகளின் பெறுபேற்றை மாத்திரம் விசாரிக்காது, ஐ-20 படிவத்தின் முடிவுத் திகதியையும் விசாரித்து வைத்திருக்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கின்றோம். தவறியதைச் சொல்லும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாது செவிமடுப்பதும் அவர்களது கடமையேயாகும். பட்டம் ஒரு தவணை பிந்தி வரலாம். விண்ணப்பம் ஒரு நாளேனும் பிந்தலாகாது.