கடதாசி மலையும் கல்முனைக் கரையும்

தாம் வாழும் நிலத்தின் மேடு பள்ளங்களை அறிந்திருத்தல் மாந்தர்க்கு என்றும் இன்றியமையாத அறிவாகும். உழவன் நீரோடும் வழியை அறிந்தே வரம்பு கட்டினான். அரசன் பகைவன் வரும் வழியை அறிந்தே அரண் அமைத்தான். இவ்வறிவைக் கண்ணாற் காணவும் கையால் தொடவும் கூடிய சிறு வடிவமாக்கி மேசைமேல் வைக்கும் கலை ஒன்று உண்டு. மேசையைச் சூழ்ந்திருந்து ஆடும் விளையாட்டுகளுக்காக மட்டையாலும் கடதாசியாலும் மலை, ஆறு, கோட்டை முதலியன செய்யும் பொழுதுபோக்காகவே இன்று அது பெரிதும் அறியப்படுகின்றது. ஆயினும் அதன் வரலாறு நெடியது. அரசரின் மறைபொருளாய்த் தொடங்கிய அக்கலை எவ்வாறு எளியோர் கைக்கு வந்தது என்பதையும், கல்முனை போன்ற தாழ்கரை ஊர்களுக்கு அதனால் விளையக்கூடிய பயன் யாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

இக்கலையின் மிகப் பழைய செய்திகளுள் ஒன்று சீன நாட்டினது. கி.பி. 32 ஆம் ஆண்டில், வடமேற்கு மலைநாட்டுப் பகைவன்மேற் படைகொண்டு செல்வதா, மீள்வதா எனத் தயங்கிய குவாங்வு பேரரசனின் முன்னிலையில், மா யுவான் என்னும் படைத்தலைவன் அரிசியைக் குவித்து மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் அமைத்துப் படை செல்லும் வழிகளைச் சுட்டிக்காட்டினான். அரசனின் தயக்கம் நீங்கியது. ஆயிரம் ஆண்டுகளின் பின் அந்நாட்டிலேயே ஷென் குவோ என்னும் அறிஞர் எல்லைப்புறத்தைப் பார்வையிட்டபோது, மரத்தூளையும் கோதுமைப் பசையையும் பிசைந்து பலகைமேல் அந்நிலத்தின் உருவை அமைத்தார். குளிர் மிகுந்து பசை உறைந்தமையால் பின்னர் மெழுகைக் கையாண்டார். பசையும் தூளுமாகத் தொடங்கிய இம்முறை இன்றைய மாணவரின் கைவேலைக்கு எத்துணை அண்மையது என்பது கருதத்தக்கது.

ஐரோப்பாவில் இக்கலையைப் பேரளவில் வளர்த்தவன் பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயி. அவனுடைய போரமைச்சர் லூவுவாவின் முயற்சியால் 1668 ஆம் ஆண்டு முதல் எல்லைக் கோட்டைநகரங்களின் மாதிரியுருக்கள் செய்யப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை 1:600 என்னும் அளவுத்திட்டத்தில் அமைந்தவை. மரத்தாலான அடித்தளத்தின்மேல் கடதாசி, பட்டு, மணல் ஆகியவற்றால் வீடுகளும் மரங்களும் வயல்களும் ஆக்கப்பட்டன. நாட்டின் அரண்களை வெளிப்படுத்துவனவாதலின் அவை பொதுமக்கள் கண்ணிற் படாது காக்கப்பட்டன. நிலத்தின் உரு அரசனுக்கே உரியது. அந்நிலத்தில் வாழ்ந்தோர்க்கு அதனைக் காணும் உரிமை இல்லை. அவற்றுள் எஞ்சியுள்ள ஏறத்தாழ நூறு உருக்கள் இன்று பாரிசு நகரில் இன்வலீட் மாளிகையிலுள்ள அருங்காட்சியகத்திற்கு உரியன.

அடுத்த நிலையில் இக்கலை அரசரிடமிருந்து படை அலுவலரிடம் சென்றது. 1780 ஆம் ஆண்டில் பிரவுன்சுவிக்கைச் சேர்ந்த எல்விக் என்பார் சதுரங்கத்தை விரித்து, கட்டங்களுக்கு வெவ்வேறு நிறம் அளித்து, மலை, சதுப்பு, நீர் எனப் பிரித்தார். 1812 இல் பிரசிய மன்னனுக்கு றைசுவிட்சு என்பார் அளித்த மேசையில், சாந்தாற் செய்து வண்ணந் தீட்டிய சதுரத் துண்டுகளை இடம் மாற்றி அடுக்கி விரும்பிய நிலத்தை அமைக்கும் வசதி இருந்தது. அவருடைய மகன் 1824 இல் அதனை 1:8,000 அளவுப் படத்தின்மேல் ஆடும் போர்ப்பயிற்சியாகத் திருத்தி அமைத்தார். பிரசியப் படை அதனை ஏற்றுக்கொண்டது. அலுவலர் இருவர் எதிரெதிரே இருக்க, நடுவர் ஒருவர் விளைவைக் கூறும் முறை இதனால் நிலைபெற்றது.

பின்னர் இது சிறுவரின் அறைக்குள் நுழைந்தது. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1911 இல் தரை விளையாட்டுகள் பற்றியும், 1913 இல் சிறு போர்கள் பற்றியும் இரு நூல்களை வெளியிட்டார். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் குன்றாக்குதல், துளையிட்ட பலகையிற் செடிக்கிளைகளை நட்டுக் காடாக்குதல் ஆகிய எளிய வழிகள் இவ்விளையாட்டில் இடம்பெற்றன. பொம்மைப் போர் மெய்ப்போரிலும் மேலானது என்பதே அவர் கருத்தாயிருந்தது. ஆயினும் அடுத்த ஆண்டிலேயே முதலாம் உலகப்போர் மூண்டது.

1974 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு மற்றொரு திருப்பத்தை ஏற்படுத்தியது. அதுவரை ஆடுவோன் படை முழுவதையும் மேலிருந்து நோக்கும் தளபதியாயிருந்தான். இவ்விளையாட்டிலோ அவன் ஒரே ஓர் ஆளாகின்றான். பாத்திரம் ஒன்றை ஏற்று, அந்நிலத்தினுள் நின்று, "இப்பொழுது யான் யாது செய்வேன்?" என்று தன்னையே வினவுகின்றான். மேலிருந்து நோக்கிய கண் நிலத்தினுள் இறங்கி நின்று நோக்கத் தொடங்கியது. இவ்வரலாற்றின் மிகச் சிறந்த மாற்றம் இதுவெனலாம்.

பாத்திரமேற்று நிலத்தினுள் நிற்கும் இவ்வியல்பு கல்முனைக் கரைக்குப் புதியதன்று. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் விழாவில் ஊரவர் பாண்டவர் வேடந் தாங்கி வனவாசம் செல்லுகையில், அவ்வூர்த் தெருக்களே பாரதத்துக் காடாகின்றன. அங்கே ஊர் முழுவதும் ஆடுகளம். மேசை விளையாட்டில் ஊர் முழுவதும் கையளவாகச் சுருங்குகின்றது. அவ்வளவே வேறுபாடு.

இவ்விளையாட்டினர் நிலத்தை அமைக்கும் முறை செலவற்றது. பொருள் வந்த மட்டைப்பெட்டியை வெட்டி, பெரிய துண்டின்மேற் சிறிய துண்டாக அடுக்கி ஒட்டினால் குன்றின் படிகள் உண்டாகும். விளிம்புகளைச் சரித்து வெட்டி, பழைய செய்தித்தாட் கீற்றுகளைப் பசையில் தோய்த்து மேலே போர்த்தினால் படிகள் மறைந்து சரிவாகும். உலர்ந்தபின் பசை பூசி மணலைத் தூவினால் தரை. சாயமிட்ட மரத்தூளைத் தூவினால் புல். காயவைத்த தேயிலைச் சக்கையைத் தூவினால் காட்டுநிலம். கசக்கி விரித்து வண்ணந் தீட்டிய தடித்த கடதாசி பாறையாகும். நத்தார்க் காலத்தில் பாலன் குடில் கட்டுவோர்க்கு இப்பாறை நன்கு பழக்கமானதே.

மட்டையை அடுக்கும் இம்முறைக்கும் புவியியலுக்கும் நெருங்கிய தொடர்புண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த கணித அறிஞர் சாள்ஸ் அற்றன் என்பார், 1774 இல் ஸ்கொத்லாந்து மலையொன்றில் எடுக்கப்பட்ட அளவைகளை ஆராய்கையில், சம உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தார். சமவுயரக் கோடு என மாணவர் கற்பது அதுவே. அக்கோட்டின் வழியே மட்டையை வெட்டி அடுக்கினால் படம் மலையாக எழும். 1800 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கை நில அளவைத் திணைக்களத்தின் இடவிளக்கப் படங்களைக் கொண்டு பாடசாலைகளில் மாதிரியுரு செய்தலும் இவ்வாறே ஆகும்.

ஆனால் இம்முறையைக் கல்முனைக் கரைக்குக் கையாளப் புகுவோர் ஒரு வியப்பைக் காண்பர். 1:50,000 அளவுத்திட்டத்தில் 50 மீற்றர் உயரம் 1 மில்லிமீற்றராகும். 2,524 மீற்றர் உயர்ந்த பீதுருதாலகால மலை 5 சென்ரிமீற்றர் அளவில் எழும்; 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள மட்டையாயின் இருபத்தைந்து வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 5 மீற்றர் உயர்ந்த ஓரிடமோ ஒரு மில்லிமீற்றரிற் பத்திலொரு பங்கே எழும். அஃதாவது எழுதும் கடதாசித் தாள் ஒன்றின் தடிப்பு. கிழக்கே கடலும் மேற்கே வயலும் நீர்ப்பரப்புமாக, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என வீட்டோடு வீடு நெருங்கித் தொடரும் இவ்வூர்கள், மலைநாட்டுக்கு ஏற்ற அளவுத்திட்டத்தில் ஒரு தாளின் மேல் இருக்கின்றன. மாணவன் அதனைத் தட்டை என எண்ணி விட்டுவிடுவான்.

அவ்வாறு எண்ணுதல் பிழை என்பதை 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் காட்டியது. விடுமுறை ஞாயிறாகவும் பூரணை நாளாகவும் இருந்த அன்று காலையில் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. இலங்கை மாவட்டங்களுள் மிகுந்த உயிரிழப்பை அடைந்தது அம்பாறை. அங்கு இறந்தோர் தொகை பத்தாயிரம் அளவினது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரக் குடியிருப்புகள் பேரழிவுற்றன. கடலினின்றும் எத்துணைத் தொலைவு என்பதோடு, நின்ற இடம் எத்துணை உயரம், மேற்கே செல்லும் பாதை எது என்பனவும் அன்று உயிரையும் சாவையும் பிரித்தன. தாளின் தடிப்பெனத் தோன்றிய உயரம் உண்மையில் அத்துணைப் பெரிது.

கடல் மட்டுமன்று, மாரிவெள்ளமும் அவ்வாறே. கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மேவிப் பாய்தல் பலமுறை நிகழ்வது. 2024 ஆம் ஆண்டு கார்த்திகை 26 ஆம் நாள், காரைதீவை அடுத்த மாவடிப்பள்ளியில் வீதியை மேவிய வெள்ளம் உழவு இயந்திரத்தில் சென்ற மத்ரஸா மாணவர்களை அடித்துச் சென்றது. அவர்களுட் சிலர் உயிரிழந்தனர். வீதி தாழ்ந்திருக்கும் இடம் பெரியோர் பலருக்குத் தெரிந்ததே. தெரிந்தோர் அறிவு தெரியாதோரைச் சென்றடையும் வழியே குறையாயிருந்தது.

இவ்வழியை அமைக்க மட்டை உதவும். கிடையாக 1:5,000, நிலைக்குத்தாக 1:500 என அளவுத்திட்டங்களை வேறாகக் கொள்ளுக. அப்பொழுது தெற்கு வடக்காக 5 கிலோமீற்றரும் கிழக்கு மேற்காக 3 கிலோமீற்றரும் கொண்ட நிலம் ஒரு மீற்றர் நீளமும் 60 சென்ரிமீற்றர் அகலமுமாக வகுப்பறை மேசையில் அடங்கும். உயரம் பத்து மடங்கு மிகைப்படுத்தப்படுதலால், 2 மில்லிமீற்றர் மட்டை ஒன்று நிலத்தில் ஒரு மீற்றரைக் குறிக்கும். மீற்றருக்கு ஒரு மட்டை என்பது சிறுவர்க்கும் விளங்கும் கணக்கு. இத்துணை நுண்ணிய உயரத்தை அறிய, ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பி மேசன்மார் மட்டம் பார்க்கும் முறை மாணவர்க்குப் போதும். குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்குமாதலின், ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்திற்கு உயரத்தைப் படிப்படியாகக் கொண்டு செல்லலாம்.

எஞ்சிய அறிவு மக்களிடம் உண்டு. இவ்வாறு மட்டையாற் செய்த வெற்றுருவின்மேல் ஊரவரே தம் நிலத்தை எழுதும் முறை, பிலிப்பைன்ஸ் தீவுகளில் 1990 களில் வளர்ந்தது. 2005 இல் பீஜியின் ஒவலாவு தீவிலும் அது கையாளப்பட்டது. பாடசாலை மாணவர் மட்டையை வெட்டி அடுக்குவர். பின்னர் பெரியோர் வந்து ஊசியாலும் நூலாலும் வண்ணத்தாலும் வழிகளையும் எல்லைகளையும் குறிப்பர். கல்முனையிலும் கரைவலை இழுப்போர் கடல் ஏறிய இடத்தையும், வயற்காரர் வெள்ளம் முதலில் வரும் வாய்க்காலையும், மூத்தம்மாரும் அம்மம்மாரும் அன்று ஓடிய ஒழுங்கையையும் குறித்தல் கூடும். படத்தை வாசிக்கக் கல்லாதோரும் மேட்டைத் தொட்டறிவர்.

அதன்பின் விளையாட்டினர் கண்ட முறை பயன்படும். மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்கட்டும். ஒருவர் வாடியில் இருக்கும் மீனவர்; ஒருவர் கைக்குழந்தையுடைய தாய்; ஒருவர் பள்ளிவாசல் ஒலிபெருக்கியருகே நிற்பவர்; ஒருவர் நடக்கவியலாத முதியவர். நடுவரான ஆசிரியர், கடல் பின்வாங்கியது என்று கூறுவார். ஒவ்வொருவரும் தத்தம் புளியங்கொட்டையை எவ்வழியே நகர்த்துவர்? ஒரே ஒழுங்கையில் எல்லாரும் நெருங்குவரா? முதியவரை யார் கொண்டு செல்வர்? இவ்வினாக்கள் விடையில்லாது நிற்கும் இடமே அவ்வூர் திருத்தவேண்டிய இடம்.

விண்கோள்களிலிருந்து எடுத்த படங்கள் கைப்பேசியிலும் கிடைக்கும் இக்காலத்தில் மட்டையும் பசையும் எதற்கு என்று சிலர் வினவலாம். அப்படங்கள் வேண்டியவையே, 2005 இல் நிறுவப்பட்ட அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எச்சரிக்கைகளும் வேண்டியவையே. தாழ்ந்த வீதியை உயர்த்துதலும் பாலம் கட்டுதலும் மாணவர் செய்யக்கூடியன அல்ல. மட்டையுரு அவற்றுக்கு ஈடாகாது. ஆயினும் எச்சரிக்கை கிடைத்தபின் எத்திசையிற் செல்வது என்பதை அவரவரே முடிவுசெய்தல் வேண்டும். தன் கையால் வெட்டி ஒட்டிய மேட்டை ஒருவன் எளிதில் மறவான்.

மற்றொரு பயனும் உண்டு. மருதமுனையிலிருந்து காரைதீவு வரை தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். அவ்வூர்களின் நிர்வாக எல்லை பற்றிய வழக்குகளும் உள்ளன. நீர் அவ்வெல்லைகளைப் பார்த்துப் பாய்வதில்லை. ஓரூரின் மேடு மற்றோரூருக்குப் புகலிடம். ஓரூரின் அடைபட்ட வாய்க்கால் மற்றோரூருக்கு வெள்ளம். ஆதலின் இவ்வுருவை ஒரு பாடசாலை தனித்துச் செய்தலினும், இரு சமூகத்துப் பாடசாலைகளும் ஒரே மேசையில் செய்தலே அறிவுடைமையாகும்.

அரிசிக் குவியலிற் பேரரசன் கண்ட நிலத்தைப் பிரான்சிய மன்னன் பூட்டி வைத்தான்; பிரசிய அலுவலர் அதன்மேற் போர் பயின்றனர்; சிறுவர் அதனை விளையாட்டாக்கினர். இன்று அது பழைய மட்டைப்பெட்டியும் மாப்பசையும் உள்ள எவரும் செய்யக்கூடியதாய் வந்து நிற்கின்றது. நிலத்தின் உருவைக் காணும் உரிமை அதன்மேல் வாழ்வோர்க்கே முதலில் உரியது. கல்முனைக் கடைத்தெருவில் மாலைதோறும் வீசப்படும் மட்டைப்பெட்டிகளுள் அவ்வுரு மடிந்து கிடக்கின்றது. அடுத்த மாரிக்கு முன் அதனை விரித்தெடுத்தல் ஆசிரியர், மாணவர் கடன்.