கறுப்புச் செமினோல்கள்

ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை அடுத்த பிராக்கெட்வில் என்னும் சிற்றூரோடு நெருங்கிய தொடர்புடைய ஆப்பிரிக்க வம்சாவளியினர். கரோலினா, ஜார்ஜியா தோட்டங்களின் அடிமைத்தளையிலிருந்து தப்பி, அன்று ஸ்பெயினின் ஆளுகையிலிருந்த புளோரிடாவில் புகலடைந்து, செமினோல் பூர்வகுடியினரின் அண்டையில் தனி ஊர்கள் அமைத்துப் பயிர் செய்து, 1835 முதல் 1842 வரை நடந்த இரண்டாம் செமினோல் யுத்தத்தில் அவர்களுக்குத் துணைநின்று போரிட்டவர்களின் சந்ததியார் இவர்கள்.

யுத்தத்தின் விளைவாக இன்றைய ஓக்லகோமாவுக்குப் பெயர்த்து அனுப்பப்பட்ட பின்னும் அடிமை வியாபாரிகளின் அபாயம் நீங்காமையால், இவர்களின் தலைவர் ஜான் ஹார்ஸ் தம் ஜனங்களைத் திரட்டி, செமினோல் தலைவர் வைல்ட் கேட்டின் கூட்டத்தாருடன் 1849-50இல் டெக்சாஸைக் கடந்து, அடிமைமுறையை 1829இலேயே ஒழித்திருந்த மெக்சிகோவை அடைந்தார். அங்கு நசிமியெந்தோவில் குடியேறியோர் மஸ்கோகோ எனப்படுகின்றனர்.

நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு 1870இல் திரும்பிவந்த ஒரு பகுதியினரைக் கொண்டு அமெரிக்கச் சேனை அமைத்த ‘செமினோல் நீக்ரோ இந்தியச் சாரணர்’ படை, ஒரே சமயத்தில் ஏறக்குறைய ஐம்பது பேரைத் தாண்டாத சிறு படையேயாயினும், அதில் நால்வர் நாட்டின் அதியுயர் வீரவிருதைப் பெற்றனர். 1875 ஏப்ரல் 25 அன்று பேகோஸ் நதிக்கரையில், குதிரையை இழந்து பகைவரிடையே தனித்து நின்ற தம் அதிகாரி புல்லிஸை ஜான் வார்ட் திரும்பிச் சென்று தம் குதிரையில் ஏற்றிக்கொள்ள, பாம்பி ஃபாக்டரும் ஐசக் பேனும் துப்பாக்கி ஏந்திக் காவல்நின்ற செயலுக்காகவே அம்மூவரும் கௌரவிக்கப்பட்டனர்.

இத்தகையோர் நிலம் வேண்டியபோது, செமினோல் பதிவேட்டில் பெயரில்லையென்று, பூர்வகுடியினருக்கான ‘இந்திய விவகாரத் துறை’ மறுத்துவிட்டது. படையில் சேர்க்கையில் இந்தியச் சாரணராக ஏற்ற அதே அரசாங்கம் இவ்வாறு கைவிட்டது பெரும் அநீதியே. 1914இல் படை கலைக்கப்பட்டு, பிராக்கெட்வில்லை அடுத்த கிளார்க் கோட்டை நிலத்திலிருந்த இவர்தம் குடியிருப்பும் அகற்றப்பட்டது.

பதிவேடு மறுத்த உரிமையை இவர்கள் குடும்ப வழியாகவே காத்துவந்தனர்: வாரியர், ஜூலை, ஃபாக்டர் முதலிய குலப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. கரோலினாக் கடலோரத்துக் குல்லா மொழியோடு உறவுடைய இவர்தம் பாஷையை 1970களில் மொழியறிஞர் இயன் ஹான்காக் ஆராய்ந்து வெளிப்படுத்தினார். ஊர்ப் பள்ளி ஆசிரியையாயிருந்த சார்லஸ் எமிலி வில்சன் (1910-2006) சமூகத்தின் சரித்திரத்தைப் பேணி இளையோர்க்குக் கற்பித்தார். விருதுபெற்ற நால்வரும் அடக்கம் செய்யப்பட்ட இடுகாட்டைச் சந்ததியாரின் சங்கமே பராமரிக்கிறது. இங்கு செப்டம்பரில் நடக்கும் சமூக விழாவுக்கு நசிமியெந்தோ உறவினரும் எல்லை கடந்து வருவதுண்டு.