நெடுநாள் உழைக்கும் பாத்திரம்

பட்டுக்கோட்டைக் கடைத்தெருவில் பாத்திரம் வாங்கப் போகும் எந்தப் பெண்ணும் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "இது நல்லா உழைக்குமா?" என்பதைத்தான். நெளியாமல், ஓட்டை விழாமல் பல வருடம் தாங்குமா என்று பொருள். தமிழில் பொருள்களும் உழைக்கின்றன. பத்து வருடம் உழைத்த குக்கர், மூன்று தலைமுறை உழைத்த அண்டா என்கிறோம். அந்த அண்டாவை மூன்று தலைமுறையாகத் தேய்த்துக் கழுவிய பெண்கள் அந்தப் பேச்சில் வருவதில்லை. எங்கள் வட்டாரச் சமையலறை மண்ணிலிருந்து பித்தளைக்கும், பித்தளையிலிருந்து எவர்சில்வருக்கும் மாறிய கதையை, தேய்த்தவர்கள் யார், அந்தப் பாத்திரம் யாருடைய சொத்து என்ற இரண்டு கேள்விகளோடு இங்கே சொல்லிப் பார்க்கிறேன்.

பாத்திரத்தைச் சொத்தாக எண்ணி எழுதிவைக்கும் வழக்கம் தஞ்சை மண்ணில் பழையது. ராஜராஜன் கட்டிய பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் அரசன் கொடுத்தவை, அவன் தமக்கை குந்தவை கொடுத்தவை, அரசியர் கொடுத்தவை எனப் பொன், வெள்ளிக் கலங்கள் எடையோடு பதிவாகியிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் கொடுத்த கலத்தின் எடை இன்றும் நமக்குத் தெரிகிறது. அவள் அரச குடும்பத்தவள். மற்ற வீட்டுப் பெண்களுக்குக் கல்வெட்டு கிடையாது. பாத்திரத்தின் விளிம்பில் உளியால் வெட்டிய நாலு எழுத்துதான் அவர்களுக்கு ஆவணம்.

உறவுக்காரர் வீடுகளில் பரணில் கிடக்கும் பித்தளைச் சாமான்களை இறக்கி அந்தப் பெயர்களைப் படித்துப் பார்த்திருக்கிறேன். இனிஷியலோடு அப்பாவின் பெயர், தாய்மாமன் பெயர், சில சமயம் மாப்பிள்ளையின் பெயர் இருக்கும். பெண்ணுக்குச் சீராக வந்த குடத்தில் பெண்ணின் பெயரைத் தேட வேண்டியிருந்தது. என் அம்மாயியின் ஒரு தவலையில் மட்டும் அவர் பெயர் முழுதாக இருக்கிறது. அது அவர் பால் விற்ற காசில் வாங்கியது.

பட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள பெரும்பகுதி காவிரியின் பழைய பாசன நிலம் அல்ல. ஏரி, குளத்தையும் மழையையும் நம்பியிருந்த ஊர்கள். 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்று, கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்த பிறகுதான் இங்கே நெல் பெருகியது. அந்தக் கால்வாயை இன்றும் 'புது ஆறு' என்றே சொல்கிறோம். நெல் வந்தால் நெல் அவிக்க அண்டா வேண்டும். முதல் நாள் ஊறவைத்து, விடியுமுன் எழுந்து அவித்து, களத்தில் காயவைத்து, பிறகு குத்துவது பெண்கள் வேலை. நெல் விற்ற பணம் ஆண்கள் கைக்குப் போனது. வீட்டுக்கு வந்த பெரிய பித்தளை, செப்புப் பாத்திரங்கள் 'அவளுடைய சாமான்' ஆயின.

அவை வெறும் சாமானும் அல்ல. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். கும்பகோணம், நாச்சியார்கோவில் பக்கத்துக் கன்னார் பட்டறைகளில் செய்த இந்தப் பாத்திரங்கள் எடைக்கு விற்கப்பட்டன. எடைக்கு வாங்கியதை எடைக்கே விற்கலாம். தேய்ந்தாலும் உடைந்தாலும் உலோகத்துக்கு விலை உண்டு. அறுவடைக்கு முந்தைய மாதங்களில் கையில் காசில்லாதபோது ஒரு குடம் அடகுக் கடைக்குப் போகும். நெல் வந்ததும் திரும்பும். புருஷனிடம் கேட்காமல் ஒரு பெண் பணம் புரட்ட முடிந்த சில வழிகளில் இது ஒன்று. நகைக்கு அடுத்தபடியாகப் பாத்திரம்தான் அவளுடைய சேமிப்பு.

அந்தச் சேமிப்பைக் காக்க அவள் தினமும் உழைக்க வேண்டியிருந்தது. புளி, சாம்பல், செங்கல்தூள், தேங்காய் நார் என்று கிணற்றடியில் உட்கார்ந்து தேய்த்தால்தான் பித்தளை பித்தளையாக இருக்கும். உள்ளே ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறி உணவே கெட்டுவிடும். ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்து, துருத்தி ஊதி, பாத்திரத்தைக் காயவைத்து, நவச்சாரம் தூவி ஈயத்தைத் துணியால் பரப்பித் தருவார். அவருக்குக் கூலி உண்டு. தினமும் தேய்த்தவளுக்குக் கூலி கிடையாது.

எல்லாப் பெண்களுக்கும் பித்தளை இருந்ததா என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். நீடித்து நிற்கும் கலம் யாருக்கு என்பதைச் சாதியும் தீர்மானித்தது. மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் சண்டாளர் என்று ஒதுக்கியவர்கள் உடைந்த கலத்தில்தான் உண்ண வேண்டும் என்று விதிக்கிறது. நல்ல பாத்திரம் இல்லாமல் போனது வறுமையால் மட்டும் நேர்ந்ததல்ல. அது தண்டனையாகவே எழுதிவைக்கப்பட்டது. டெல்டாவின் பண்ணையாள் குடும்பத்துப் பெண்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் மண் கலயத்தில் கஞ்சி கொண்டு போனார்கள். டீக்கடைகளில் தனிக் குவளை தொங்கியது. மண்ணுக்குத் தீட்டு ஒட்டும், உலோகத்தைத் தேய்த்தால் தீட்டுப் போகும் என்ற கணக்கு மேல்சாதி வீட்டுக்குள்ளும் வேலை செய்தது. மாதத்தில் மூன்று நாள் கொல்லைப்புறம் உட்காரவைக்கப்பட்ட பெண்ணுக்கும் தனித் தட்டு, தனிச் சொம்பு இருந்தது.

இதற்கிடையில் அலுமினியம் வந்தது. 1898இல் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். பிறகு அது தனியார் தொழிலாகி ஊர் ஊராகப் பரவியது. விலை மலிவு, தூக்க லேசு, ஈயம் பூச வேண்டாம். ஏழை வீட்டுக்கு மண்சட்டிக்கு அடுத்து வந்த உலோகம் பெரும்பாலும் இதுதான். ஆனால் சீக்கிரம் நெளியும். புளியும் உப்பும் அதையும் அரிக்கும். அடகு வைக்கப் போனால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

எவர்சில்வர் பிறந்தது சமையலறைக்காக அல்ல. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழாய்க்கு அரிக்காத எஃகு தேடியபோது கிடைத்தது. இரும்போடு போதிய குரோமியம் சேர்ந்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உண்டாகிறது. கீறினாலும் அது தானே மீண்டும் மூடிக்கொள்ளும். அதனால் துரு இல்லை, களிம்பு இல்லை. நம் ஊரில் நெடுங்காலம் அது வசதியானவர்களின் பாத்திரமாகவே இருந்தது. 1970இல் அடிக்கல் நாட்டப்பட்ட சேலம் உருக்காலை 1981இல் எவர்சில்வர் தகடு உருட்டத் தொடங்கியது. அந்தக் காலத்துக் கல்யாணங்களில் சீர்த்தட்டு முழுக்க எவர்சில்வராக மின்னியது. இந்த உலோகத்துக்குத் தீட்டுச் சாத்திரத்தில் இடமில்லை. கூலி வேலைக்குப் போன பெண்ணும் சீட்டுக் கட்டி ஒரு குடம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தாள்.

கிணற்றடியில் செலவான நேரம் பாதியாகக் குறைந்தது. இதைச் சிறிய விடுதலை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. பரணில் இருந்த பித்தளை அண்டாவையும் குடத்தையும் போட்டுவிட்டுப் பளபளக்கும் எவர்சில்வரை வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். பழையது போனது எடைக்கு. புதியது வந்தது கடைக்காரர் சொன்ன விலைக்கு. கஜா புயல் 2018 நவம்பரில் எங்கள் பகுதியின் தென்னையைச் சாய்த்துப் போட்ட பிறகு, பணத்துக்கு அலைந்த மாதங்களில் எனக்குத் தெரிந்த பெண்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மிச்சமிருந்த பித்தளைக்குக் காசு கிடைத்தது. எவர்சில்வர் அடுக்குக்குக் கிடைத்தது பஸ் செலவுக்குக்கூட ஆகவில்லை.

இதைவிடப் பெரிய நஷ்டம் வேறு ஒன்று. பெண்ணுக்குச் சீர் செய்தாகிவிட்டது, நிலம் பையனுக்கு என்பதுதான் எங்கள் ஊர்களின் பாகப்பிரிவினை. பாத்திரம் எவ்வளவு உழைத்தாலும் தேயும். புது ஆற்றுத் தண்ணீர் பாயும் நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போகும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சீதனத்தைப் பெண்ணின் முழுச் சொத்தாக ஏற்றது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தரவில்லை. தமிழ்நாடு 1989இல் அதைத் தந்தது, ஆனால் அதற்கு முன் கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. என் அம்மாவும் பெரியம்மாவும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள். 2005இல்தான் நாடு முழுதும் மகளும் மகனும் சட்டத்தில் சமமானார்கள். அதுவரை பல பெண்களுக்குப் பங்கு என்று கிடைத்தது ஓர் அண்டாவும் ஏழெட்டுக் குடமும்தான்.

அந்த அண்டாவும் அவளுடையதாக இருந்ததா? வாழாவெட்டி என்று பெயர் வாங்கி வீடு திரும்பிய பெண்ணின் சாமான்கள் புகுந்த வீட்டிலேயே தங்கிவிடுவது வழக்கமாக இருந்தது. பிரதிபா ராணி வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், சீதனம் புகுந்த வீட்டில் இருந்தாலும் அது பெண்ணுக்கே சொந்தம், திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று சொன்னது. அதே ஆண்டு வந்த விதிகள் கல்யாணப் பரிசுகளைப் பட்டியல் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்கின்றன: என்ன பொருள், சுமாராக என்ன மதிப்பு, யார் கொடுத்தது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழும் சீதனத்தைத் திருப்பிக் கொடுக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். மொய் நோட்டில் ஐம்பது ரூபாயைக்கூட எழுதிவைக்கும் நாம் இந்தப் பட்டியலை எழுதுவதில்லை.

இப்போது ஆரோக்கியம் என்ற பெயரில் பித்தளையும் மண்சட்டியும் திரும்பி வருகின்றன. வரட்டும். வாங்குவதற்கு முன் அதை யார் தேய்ப்பது என்று வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசிவிட வேண்டும். ஈயப் பூச்சு உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். எவர்சில்வர் என்றால் அடிப்பாகம் கனமாக இருக்கிறதா, 304 என்ற தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். காந்தம் ஒட்டாததெல்லாம் நல்லது என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். நிக்கல் குறைந்து மாங்கனீசு கூடிய மட்டமான ரகத்திலும் காந்தம் ஒட்டாது, அதில்தான் உப்புப் பட்ட இடம் புள்ளி புள்ளியாக அரிக்கும். தினசரி சமையலுக்கு எவர்சில்வரும், கைக்காசு மிஞ்சும்போது எடைக்கு விலை போகும் பித்தளையோ வெண்கலமோ ஒன்றும் என்பது என் கணக்கு.

பில்லை உங்கள் பெயரில் கேளுங்கள். பெயர் வெட்டும்போது உங்கள் பெயரையே முழுதாகச் சொல்லுங்கள். மகளுக்குச் சீர் கொடுப்பவர்கள் பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவளிடம் கொடுங்கள். நிலத்தில் அவளுடைய பங்கைப் பத்திரத்தில் எழுதுங்கள். சீர் கொடுத்தாகிவிட்டது என்று அதைக் கழித்துவிடாதீர்கள்.