பாதிக் கோட்டின் பயணம்

அலைச்சறுக்குப் பலகை செதுக்கும் பட்டறைகளின் சுவரில் பழுப்பு நிறத் தகடுகள் வரிசையாக மாட்டியிருக்கும். ஆளுயரம் இருக்கும். ஒரு விளிம்பு கோல் வைத்து வெட்டியது போல நேராக இருக்கும். மறுவிளிம்பு மூக்கில் தொடங்கி மெல்ல அகன்று, நடுவில் பருத்து, வாலை நோக்கி ஒடுங்கும். மொத்தத்தில் பாதிப் பலகையின் வடிவம். நேர்விளிம்பை நுரைக்கட்டையின் நடுக்கோட்டில் பொருத்தி, வளைவைப் பென்சிலால் இழுத்து, தகட்டைப் புரட்டி மறுபக்கமும் இழுத்தால் முழுப் பலகையின் உருவரை வந்துவிடும். செதுக்குகிறவர்கள் இதை டெம்ப்ளேட் என்கிறார்கள்.

பாதியாக வெட்டுவதற்குக் காரணம் உண்டு. ஒரே வளைவை இடத்திலும் வலத்திலும் பிசகாமல் இருமுறை வரைய எந்தக் கைக்கும் வராது. ஒன்றையே புரட்டிப் போட்டால் இரு பக்கமும் ஒத்துப்போகும். ஆனால் பாதியில் செய்த பிழை முழுதில் இரட்டிக்கும். நேர்விளிம்பு நடுக்கோட்டிலிருந்து ⅛ அங்குலம் வெளியே தள்ளியிருந்தால், பலகை ¼ அங்குலம் பருத்துப்போகும்.

இந்தத் தகடு பலகையைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: மேலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்பதை. கனம் எவ்வளவு, மூக்கு எவ்வளவு மேலே வளைகிறது, விளிம்பு உருண்டையா கூர்மையா, அடிப்பாகம் குழிந்ததா தட்டையா என்பது பற்றி அது வாய் திறக்காது. அதன் கதையைத் தொடர்ந்து போனால், அது சொல்லாமல் விட்டதுதான் அதைக் கடல்கள் தாண்டிக் கொண்டுசேர்த்தது என்று தெரிகிறது.

கதை ஹவாயில் தொடங்குகிறது. அங்கே கோவா, விலிவிலி போன்ற மரங்களைக் கல் வாய்ச்சியால் செதுக்கி, பவளக்கல்லால் தேய்த்துப் பலகை செய்தார்கள். அரசகுலத்தார் ஏறிய நெடும்பலகை ஓலோ. மற்றவர்களும் ஏறிய மெல்லிய, சிறிய பலகை அலையா. 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கலை நலிந்தது. எஞ்சிய பலகைகளில் சில ஹோனலூலுவின் பிஷப் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1920களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பிறந்த டாம் பிளேக் என்ற நீச்சல்வீரர் அந்தப் பலகைகளைச் சீர்செய்து கொடுத்தார். அந்த வேலையில் கை பழகியவர், 1926இல் ஓலோவின் வடிவில் தாமே ஒன்று செய்தார். எடை குறைய வேண்டும் என்று மரத்தில் நூற்றுக்கணக்கான துளைகளைப் போட்டார். அங்கிருந்து உள்ளீடற்ற பலகைக்கு வந்து, 1932இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

காப்புரிமை வாங்கியவரே அதை ஊருக்கெல்லாம் சொல்லியும் கொடுத்தார். 1937இல் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ இதழில் அவருடைய உள்ளீடற்ற பலகைக்கான செய்முறை வெளியானது. மரவேலை தெரிந்த எவரும் இதழை விரித்துவைத்து வளைவைத் தாளில் பெரிதாக்கி, மரத்தில் இறக்கிக்கொள்ளலாம். கடற்கரைக்காரர்களுக்குள் புழங்கிய ஒரு வடிவம், கடற்கரைக்கு வராதவர்களின் கொட்டகைக்கும் தபாலில் போய்ச்சேர்ந்தது.

ஆனால் தாள் கசங்கும், ஈரத்தில் ஊறும், ஓரம் பிசிறும். வளைவு நிலைக்க வேறொரு உடல் தேவைப்பட்டது. 1924இல் மிசிசிப்பி மாநிலத்தின் லாரல் நகரில் வில்லியம் மேசன் என்பவர் மரச்சிராய்களை நீராவியால் பிரித்து, அழுத்தித் தகடாக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதுவே மேசனைட். நம் கடைகளில் ஹார்ட்போர்டு என்று கேட்டால் கிடைக்கும் அதே சாதி. ⅛ அங்குலத் தகட்டில் நரம்பு ஓட்டம் கிடையாது. எனவே எந்தப் பக்கம் வெட்டினாலும் பிளக்காது, விளிம்பை உப்புத்தாளால் வழவழவென்று தேய்க்கலாம், மெல்ல வளைத்தால் வளையும். டெம்ப்ளேட்டுக்கு இதைவிடத் தோதான பொருளை யாரும் தனியாக யோசித்துச் செய்திருக்க முடியாது.

1958இல் கலிஃபோர்னியாவில் ஹோபி ஆல்ட்டரும் கார்டன் கிளார்க்கும் பாலியூரிதேன் நுரையில் பலகைக்கான கட்டைகளை வார்த்தெடுக்கும் முறையைச் சீராக்கினார்கள். அதுவரை பலகைக்குப் பயன்பட்ட பால்சா மரம் பின்னுக்குப் போனது. நுரைக்கட்டை தோராயமான பலகை வடிவில், நடுவில் மெல்லிய மரச்சட்டத்தோடு வந்திறங்கியது. கைரம்பத்தாலேயே அறுக்கலாம். இதனால் வீட்டில் பலகை செய்வது மரத்தச்சனின் தேர்ச்சியைக் கோராத வேலையாயிற்று. இரண்டு தாங்குகட்டை, ஒரு ரம்பம், ஒரு இழைப்புக் கருவி, உப்புத்தாள், யாரிடமாவது கடன் வாங்கிய ஒரு டெம்ப்ளேட், இவ்வளவும் இருந்தால் போதும்.

டெம்ப்ளேட்டைத் தாமே செய்ய விரும்புகிறவர் நான்கைந்து எண்களில் தொடங்குவார். உதாரணமாக, 6 அடி 2 அங்குலப் பலகைக்கு அதிகபட்ச அகலம் 19½ அங்குலம், மூக்கிலிருந்து 12 அங்குலம் தள்ளி அகலம் 12, வாலிலிருந்து 12 அங்குலம் தள்ளி 14½ என்று வைத்துக்கொள்வோம். தகட்டில் இந்த அளவுகளின் பாதியைக் குறித்து, குறிகளில் ஆணி அடித்து, வளையக்கூடிய மரச்சீவலை அவற்றின்மேல் சாய்த்துப் பிடிப்பார்கள். சீவல் தன் இயல்பில் எப்படி வளைகிறதோ அப்படியே பென்சில் ஓடும். ஆணிகள் சீவலை வலிந்து திருப்பினால், எண்ணில் எங்கோ தவறு இருக்கிறது. அகலமான இடம் நடுவுக்கு முன்னால் இருந்தால் கையால் துழாவி அலையைப் பிடிப்பது எளிது. பின்னால் தள்ளினால் பலகை சட்டென்று திரும்பும். அரை அங்குல நகர்த்தலையே காலில் உணர்ந்து சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள்.

கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்துவிட்டு, பிறகு கோடு வரைக்கும் தேய்த்துக் கொண்டுவர வேண்டும். இங்கே கண்ணைவிட விரல் நம்பகமானது. கண்ணை மூடிக்கொண்டு விளிம்பில் விரலை ஓட்டினால் மேடும் தட்டையும் தட்டுப்படும். தகட்டைக் கண்மட்டத்துக்குத் தூக்கி மூக்கிலிருந்து வாலை நோக்கிப் பார்த்தால், நீளம் சுருங்கித் தெரிவதால், நேரே பார்த்தபோது மறைந்திருந்த நெளிவும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இங்கே விட்ட நெளிவு இந்தத் தகட்டால் வரையும் ஒவ்வொரு பலகையிலும் வந்து நிற்கும்.

புதிதாக வரையாமல், பிடித்த பலகையிலிருந்து வளைவை எடுப்பது இன்னொரு வழி. தையற்காரரிடம் அளவு ரவிக்கை கொடுப்பதைப் போலத்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு. பலகை தட்டையானதல்ல, மூக்கும் வாலும் மேலே வளைந்திருக்கும். அந்த வளைவை ராக்கர் என்பார்கள். பலகையைத் தாளின்மேல் வைத்து, மூலைமட்டத்தைச் செங்குத்தாகப் பிடித்து விளிம்பைச் சுற்றிவந்தால் கிடைப்பது நிழல்போல விழுந்த உருவரை. பலகையின் அடிப்பாகத்தில் தாளை ஒட்டிப் படியவைத்து எடுத்தால் கிடைப்பது வளைவோடு அளந்த உருவரை. மூக்கு 5 அங்குலம் உயர்ந்த ஆறடிப் பலகையில் இரண்டுக்கும் நீளத்தில் சுமார் அரை அங்குலம் வேறுபடும். மெல்லிய ஹார்ட்போர்டு நுரைக்கட்டையின்மேல் வளைந்து படியும் என்பதால் இரண்டாவது முறையே அதற்குப் பொருந்தும். முதல் முறையில் எடுத்த தகட்டை அப்படி வளைத்து வைத்தால் பலகை குட்டையாகிவிடும். நகலெடுக்கும் இடத்திலேயே மூலம் கொஞ்சம் மாறத் தொடங்குகிறது.

அந்த மாற்றத்தின் வரலாற்றை ஒரே ஒரு வளைவின் கதையில் பார்க்கலாம். 1967இல் சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் என்ற இளைஞர் முழங்காலிட்டுச் சறுக்குவதற்காக ஒரு குட்டைப் பலகை செய்தார். அகலம் குறையக்கூடாது, ஆனால் அலையின் குழலுக்குள் வால் பிடிப்போடு நிற்க வேண்டும். அகன்ற வாலை நடுவில் பிளந்து, பக்கத்துக்கொரு கூர்வாலாக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஃபின் என்னும் சிறு துடுப்பு ஒன்றைப் பொருத்தினார். மீன்வால் போலிருந்ததால் அதற்கு ஃபிஷ் என்றே பெயர் நிலைத்தது. நின்று சறுக்குகிறவர்களும் அதைக் கேட்டு வாங்கினார்கள். 1972இல் சான் டியாகோவில் நடந்த உலகப் போட்டியில் ஜிம் பிளேர்ஸ் ஃபிஷ் பலகையில் ஏறி வென்றார்.

1976இல் அந்த வளைவு பசிபிக்கைக் கடந்தது. ஹவாயின் ரெனோ அபெலிரா 5 அடி 3 அங்குல ஃபிஷ் ஒன்றைச் சிட்னிப் போட்டிக்குக் கொண்டுபோனார். மற்றவர்கள் நீண்ட, ஒற்றை ஃபின் பலகைகளில் நின்றுகொண்டிருந்த காலம் அது. அதைக் கவனித்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் நியூகாசிலைச் சேர்ந்த மார்க் ரிச்சர்ட்ஸ். அவரும் பலகை செதுக்குகிறவர். பிறகு ஹவாயில் டிக் புரூவர் என்ற செதுக்குநரிடம் நுணுக்கம் கற்று, ஃபிஷ்ஷை அப்படியே பின்பற்றாமல் நீட்டி, மூக்கைக் கூர்மையாக்கித் தம் இரட்டை ஃபின் பலகையைச் செய்தார். 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலகப் பட்டம் அவருக்கே.

அதே நாட்டின் நாராபீனைச் சேர்ந்த செதுக்குநர் சைமன் ஆண்டர்சனுக்கு அந்தப் பலகை ஒத்துவரவில்லை. உயரமும் பாரமும் உள்ள அவருடைய காலுக்கடியில் வால் வழுக்கிக்கொண்டே இருந்தது. 1980இல் வேறொருவரின் இரட்டை ஃபின் பலகையில், நடுவில் பிறைவடிவச் சிறு ஃபின் ஒன்று கூடுதலாக இருந்ததைக் கண்டார். அதை மற்ற இரண்டுக்கும் சமமாகப் பெரிதாக்கினால் என்ன என்று யோசித்து, மூக்கின் அகலத்தைக் குறைத்து மூன்று ஃபின் பலகை செதுக்கினார். 1981இல் பெல்ஸ் கடற்கரையில் மலைமலையாக அலை எழுந்த போட்டியில் அதில் ஏறி வென்றார். அவர் த்ரஸ்டர் என்று அழைத்த அந்த அமைப்பே இன்றும் உலகில் மிகுதியாகப் புழங்குகிறது. அதற்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை.

லிஸ், அபெலிரா, ரிச்சர்ட்ஸ், ஆண்டர்சன் என்று கை மாறிய ஒவ்வொரு இடத்திலும் பார்த்துக் கற்றுக்கொள்ளக்கூடியதாக இருந்தது வெளிக்கோடும் ஃபின்களும்தான். விளிம்பின் உருட்சியையும் அடிப்பாகத்தின் குழிவையும் ஒவ்வொருவரும் தம் கையாலும் தம் ஊர் அலையாலும் நிரப்பிக்கொண்டார்கள். முழுப் பலகையையும் அச்சுப் பிசகாமல் நகலெடுக்கும் வசதி அன்று இருந்திருந்தால், ரிச்சர்ட்ஸிடம் ஃபிஷ் ஃபிஷ்ஷாகவே தங்கிப்போயிருக்கலாம்.

அந்த வசதி பிறகு வந்தது. 1980களில் பிரான்சின் பயோன் நகரில் மிஷேல் பார்லாண்ட் கணினி வழிநடத்தும் செதுக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். பின்னர் ஷேப்3டி, ஆகு ஷேப்பர் போன்ற மென்பொருள்கள் வந்தன. இவற்றின் கோப்பில் உருவரை, கனம், ராக்கர், விளிம்பு எல்லாமே உண்டு. இயந்திரம் ஒரே பலகையை நூறு முறை வெட்டித் தரும். பெரிய பட்டறைகளில் சுவர்த்தகடுகள் தூசி படியத் தொடங்கின.

2005 டிசம்பர் 5 அன்று இந்தத் தொழிலில் இன்னொரு அடி விழுந்தது. அமெரிக்காவின் நுரைக்கட்டைகளில் பெரும்பகுதியை வார்த்துக்கொண்டிருந்த கிளார்க் ஃபோம் நிறுவனம் ஒரே நாளில் மூடப்பட்டது. தொலைநகலில் வந்த கடிதம் மட்டுமே வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்த அறிவிப்பு. கையிலிருந்த கட்டைகளின் விலை ஏறியது. செதுக்குகிறவர்கள் பாலிஸ்டைரீன் நுரைக்கும் வேறு நாட்டுக் கட்டைகளுக்கும் தாவினார்கள். அதே ஆண்டில் மெய்ன் மாநிலத்தில் தொடங்கிய கிரெய்ன் நிறுவனம், பிளேக்கைப் போலவே உள்ளீடற்ற மரப்பலகைகளுக்கான வரைபடத்தையும் பாகங்களையும் வீட்டில் செய்கிறவர்களுக்கு விற்றது. பழைய டெம்ப்ளேட்டுகளுக்கு இதனால் ஒரு குறையும் வரவில்லை. நுரையோ மரமோ, அவற்றுக்கு எல்லாம் ஒன்றுதான்.

வீட்டுக் கொட்டகைக்காரருக்குக் கணினியும் பகையாகவில்லை. மென்பொருளில் முழுப் பலகையையும் வரைந்துவிட்டு, அதிலிருந்து உருவரையை மட்டும் ஏ4 தாள்களில் அச்சிட்டு, பத்துப் பன்னிரண்டு தாள்களை வரிசையாக ஒட்டி, ஹார்ட்போர்டில் பதிக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அச்சுப்பொறி தாளுக்குள் அடங்குவதற்காகப் படத்தைத் தானாகச் சுருக்கிவிடும். எனவே 10 சென்டிமீட்டர் கோடொன்றையும் சேர்த்து அச்சிட்டு அளந்து பார்க்க வேண்டும். ஒட்டும்போது ஒவ்வொரு இணைப்பிலும் 1 மில்லிமீட்டர் விலகினால், கடைசித் தாளுக்கு வரும்போது அது 1 சென்டிமீட்டரை எட்டிவிடும். ஆகவே முதலில் நீண்ட நேர்க்கோடு ஒன்றை இழுத்து, தாள்களின் நடுக்கோட்டை அதன்மேல் உட்கார வைக்கிறார்கள்.

கதையின் தொடக்கத்தில் வந்த அலையாவுக்கும், ஆஸ்திரேலியாவில் டாம் வெஜெனர் என்ற செதுக்குநர் மறுபடி உயிர் கொடுத்தார். பிஷப் அருங்காட்சியகத்தின் பழைய பலகைகளைப் பார்த்து, எடை குறைந்த பாலோனியா மரத்தில் அந்த வடிவங்களைச் செய்தார். அலையாவுக்கு ஃபின் கிடையாது, கனம் மிகக் குறைவு, கிட்டத்தட்டத் தட்டை. அதனால் தகடு ஏறக்குறைய முழுக்கதையையும் சொல்லிவிடும் ஒரே பலகை அதுதான். முதலில் செதுக்கியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாமல் போன பிறகும் அவர்களுடைய வெளிக்கோடு அலையில் இறங்கியது.

வீட்டில் செய்கிறவரின் முதல் பலகை பெரும்பாலும் வேறொருவரின் கோட்டில்தான் பிறக்கிறது. கடலுக்குப் போய்வந்த பிறகு, அவர் தகட்டின்மேல் பென்சிலால் எதையாவது எழுதிவைக்கிறார்: வால் ¼ அங்குலம் ஒடுங்க வேண்டும், அகலத்தை முன்னால் நகர்த்த வேண்டும். இரண்டாவது தகடு அந்தக் குறிப்பிலிருந்து வருகிறது. லிஸ்ஸின் கோடு ரிச்சர்ட்ஸிடம் மாறியதும், ரிச்சர்ட்ஸின் கோடு ஆண்டர்சனிடம் மாறியதும் இந்த வழியில்தான். அந்த வரிசையில் சேர யாரும் தகுதிச் சான்று கேட்பதில்லை. நடுக்கோட்டை மட்டும் சரியாகப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.